பசியாறியாச்சா?

"நாம எல்லாரும் சேர்ந்து ஒரு டூர் போகணும்டி."

தோழிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் எழுதப்பட்டு, மிகக் குறைவாக நடக்கும் காரியம் இதுவாகத்தான் இருக்கும். எழுதிய அடுத்த நிமிஷம் எல்லோரும் இதயம் போடுவார்கள். ஒருத்தி பாஸ்போர்ட்டைத் தேடுவதாகச் சொல்வாள். இன்னொருத்தி "மூணாறா, பாலியா?" என்று கேட்பாள். அதற்குள் யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டுவிட, டூர் மேலே ஏறிக் காணாமல் போய்விடும்.

எங்கள் நால்வருக்கும் இது ஆறு வருஷக் கதை. மதுரையில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். இப்போது எல்லோருக்கும் ஐம்பத்தெட்டு. பெயர் போட்டால் அடுத்த டூருக்கு என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் பட்டப்பெயரிலேயே சொல்கிறேன். ஒருத்தி ஓய்வு பெற்ற டீச்சர், சுத்த சைவம், கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். இன்னொருத்தி வங்கிக்காரி; ஐந்து ரூபாய் சில்லறைக்கும் கணக்கு வைப்பவள். மூன்றாவது, எங்களில் இன்னும் ஊரைவிட்டுப் போகாத மதுரைக்காரி. நான்காவது நான்.

ஆறு வருஷமாகத் தள்ளிப்போனதற்குக் காரணம் பணமும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. மதுரைக்காரியின் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். "நான் இல்லாம அத்தை ஒரு வாய் சாப்பிட மாட்டாங்கடி. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்பாள். மூன்று பேராகப் போக எங்களுக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் அவள் கணவரே முன்வந்தார். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். "மூணு நாள்தானே, என் அம்மாவை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றாராம். மகனும் பெங்களூரிலிருந்து வருவதாகச் சொன்னான். மதுரைக்காரி மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, கையில் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தாள்.

போன இடம், பினாங்கு.

ஏன் பினாங்கு?

வாசகிகள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் சுற்றக்கூடிய வெளிநாடு வேண்டும். விமானத்தில் நீண்ட நேரம் உட்காரக் கூடாது. சைவமும் கிடைக்க வேண்டும், அசைவமும் கிடைக்க வேண்டும். சென்னையிலிருந்து நேராகப் போனால் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகையும் இருக்கிறது. (டிக்கெட் போடும் முன் இது நீடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.)

மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. பாக்கு மரத் தீவு என்பதுதான் பெயரின் பொருள். 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே கொடி நட்டார். துறைமுகம் வந்தது, துறைமுகத்தோடு சீனர்களும், தமிழர்களும், குஜராத்திகளும், அரேபியர்களும், ஆர்மீனியர்களும் வந்தார்கள். அவர்கள் கட்டிய ஜார்ஜ் டவுன் நகரம் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

டீச்சர் விமானத்திலேயே இதையெல்லாம் பாடமாக நடத்தி முடித்துவிட்டாள். வங்கிக்காரி தூங்கிவிட்டாள். மதுரைக்காரி போனை ஏரோபிளேன் மோடில் போட்டதிலிருந்து கண்ணை மூடவே இல்லை.

சனிக்கிழமை காலை

விமான நிலையம் தீவின் தெற்கே இருக்கிறது; ஜார்ஜ் டவுன் வடகிழக்கு முனையில். கிராப் கார் பிடித்து, பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு, லிட்டில் இந்தியா பக்கம் நடந்தோம். பூக்கடை, மளிகைக் கடை, சத்தமாக இளையராஜா. "இதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்? நம்ம டவுன்ஹால் ரோடு மாதிரியே இருக்கே" என்றாள் வங்கிக்காரி.

ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், ரொட்டி வீசிக்கொண்டிருந்த தம்பி எங்களைப் பார்த்ததும் கேட்டார்.

"வாங்கம்மா, பசியாறியாச்சா?"

மலேசியத் தமிழர்கள் காலை உணவைப் பசியாறுதல் என்றுதான் சொல்கிறார்கள். 'டிபன் சாப்பிட்டீங்களா' என்பது நம் ஊர்க் கேள்வி. பசி ஆறியதா என்பது அவர்கள் கேள்வி. நம் ஊரிலும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. மற்றவர்கள் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

மற்ற மூவரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். மதுரைக்காரி மட்டும் வாசலிலேயே ஒரு நொடி நின்றாள். உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னை இப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சுடி. நான்தான் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

யாரும் பதில் சொல்லவில்லை. நல்லவேளை, அதற்குள் ரொட்டி சானாய் வந்துவிட்டது. நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. மெலிசாக, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. கூடவே தே தாரிக். 'தே' என்றால் தேநீர், 'தாரிக்' என்றால் இழுப்பது. நம் ஊர் மாஸ்டர் டீ ஆற்றுவது போலவே தூக்கி ஊற்றுகிறார்கள். ஆனால் கெட்டிப்பால் போடுவதால் தித்திப்பு தூக்கல். சர்க்கரை உள்ளவர்கள் 'கோசோங்' என்று ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெறுமை என்று பொருள். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி.

மலாயில் நமக்குத் தெரிந்த சொற்கள் இன்னும் இருக்கின்றன. கடைக்குக் 'கெடாய்'. கப்பலுக்குக் 'கப்பால்'. பெட்டிக்குப் 'பெத்தி'. நம் ஆட்கள் கப்பலில் ஏறி வந்து, பெட்டியை இறக்கி, கடை போட்ட கதை அந்த மூன்று சொற்களிலேயே இருக்கிறது.

ஒரே தெருவில் நான்கு சாமி

பசியாறிய பிறகு நடை. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை 'நல்லிணக்கத் தெரு' என்கிறார்கள். காரணம், நடந்து பார்த்தாலே தெரியும். ஒரு முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி, ஊதுபத்திப் புகை சூழ்ந்த சீனர்களின் கருணைத் தேவி கோயில். அடுத்த குயின் தெருவைப் பார்த்தபடி 1833-ம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்ச தூரத்தில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதை நிறுவிய காதர் முகைதீன், அன்றைய தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர். குறுக்கே ஓடும் சூலியா தெருவின் பெயரும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பதுதான்.

நான்கையும் பார்க்க நிதானமாக நடந்தாலும் அரை நாள் போதும். மாரியம்மன் கோயிலில் மதுரைக்காரி ரொம்ப நேரம் கும்பிட்டாள். வெளியே வந்ததும் போனைப் பார்த்தாள். செய்தி எதுவும் இல்லை. அதுவும் அவளுக்குக் கவலையாகத்தான் இருந்தது.

தோளில் வந்த சோறு

மதியம் நாசி கண்டார். பினாங்குக்குப் போய் இதைச் சாப்பிடாமல் வந்தால் திருநெல்வேலி போய் அல்வா வாங்காமல் வந்த மாதிரி.

'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள், காவடி போலத் தண்டின் ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புப் பானையுமாகச் சுமந்துபோய், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்றார்கள். தண்டு போய்க் கண்ணாடி அலமாரி வைத்த கடைகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் தோளிலேயே இருக்கிறது.

தட்டில் சோறு. மீன் தலைக் குழம்பு, கோழி, கணவாய், வெண்டைக்காய் என்று நாம் கை காட்டக் காட்ட வைப்பார்கள். கடைசியில் "பஞ்சிர்?" என்று கேட்பார்கள். வெள்ளம் என்று அர்த்தம். தலையாட்டினால், எல்லாக் குழம்பிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோறு மூழ்கும்படி ஊற்றுவார்கள். பார்க்கக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்த இலை மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் வேறு கதை.

டீச்சருக்கு அங்கே ஒன்றும் முடியாது. எல்லாக் கரண்டியும் எல்லாக் குழம்புக்கும் போய் வருகிறது. அதனால் அவள் எங்களோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தாள். பிறகு நாங்கள் மூவரும் அவளோடு லிட்டில் இந்தியாவில் ஒரு சைவக் கடைக்குப் போய், அவள் வாழையிலையில் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். இது கிளம்பும் முன்பே பேசிவைத்த விதி. சைவக்காரியைத் தனியாகச் சாப்பிட அனுப்பக் கூடாது.

சைவ வாசகர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெறும் கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்குவதில்கூட 'பெலாச்சான்' இருக்கலாம். அது இறால் விழுது. பழத்துண்டுகளைக் கலந்து தரும் பழ ரோஜாக்கின் கறுப்புச் சாறிலும் இறால் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். சீனர்களின் சைவ உணவகங்களும் ஊரில் நிறைய இருக்கின்றன. அங்கே கோழி மாதிரியே இருப்பதும் சோயாதான், பயப்பட வேண்டாம்.

நாசி கண்டார் தட்டு பாதி காலியானபோது மதுரைக்காரியின் போன் அடித்தது. நம் நேரத்தைவிட மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே மதியம் ஒரு மணி. மதுரையில் காலை பத்தரை.

"அம்மா காலையிலேருந்து வாயே திறக்கலை. நீ எங்கேன்னு கண்ணாலயே தேடுறாங்க."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். கை கழுவப் போனவள் வெகு நேரம் வரவில்லை. வங்கிக்காரி போய்ப் பார்த்தாள். வாஷ்பேசின் பக்கத்தில் நின்று, இட்லியை எவ்வளவு வெந்நீர் விட்டு மசிக்க வேண்டும், எந்தப் பக்கம் தலையணை வைத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். மூன்று பக்கக் குறிப்பில் அதெல்லாம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"நாளைக்கே டிக்கெட் கிடைக்குமாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்றேன். வேறென்ன சொல்ல?

மதியம் தூக்கம், மாலை நடை

இரண்டு மணியிலிருந்து நான்கரை வரை விடுதியில் ஓய்வு. இதுவும் எங்கள் விதிகளில் ஒன்று. பினாங்கு வெயிலும் புழுக்கமும் நம் சென்னைக்குச் சளைத்ததல்ல. ஐம்பது தாண்டியவர்கள் மதியத்தை விட்டுக்கொடுத்தால் இரவு நடக்கக் கால் இருக்கும்.

மாலை, பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் செண்டோல். 1936-லிருந்து நடக்கும் ஒரு கடை அங்கே இருக்கிறது. கூட்டம் நின்றுகொண்டே சாப்பிடுகிறது. பாண்டான் இலை மணத்தோடு பச்சை நிறத்தில் சேமியா போல வழுக்கும் மாவு இழைகள், சிவப்புக் காராமணி போன்ற பயறு, தேங்காய்ப்பால், பனை வெல்லப் பாகு, மேலே துருவிய ஐஸ். நம் ஊர் ஜிகர்தண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். "சொந்தமெல்லாம் சரி, ஜிகர்தண்டா கிட்ட வராது" என்று மதுரைக்காரி ஊர்ப் பாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரோவியம் உண்டு. நிஜச் சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து போவது போல வரைந்திருக்கிறார்கள். எர்னஸ்ட் ஸகரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் 2012-ல் வரைந்தது. போட்டோவுக்கு வரிசை. அங்கிருந்து கடலோரமாகப் போனால் சூ படகுத்துறை. தண்ணீருக்கு மேல் மரக்கால்கள் ஊன்றி, பலகைப் பாதையின் இரு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு துறையும் ஒரு சீனக் குலத்துக்கு. இது சூ குலத்தாருடையது. இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் துணி காய்கிறது, உள்ளே டிவி ஓடுகிறது. அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற நினைப்போடு சத்தமில்லாமல் நடந்தோம்.

"இது எனக்கு"

இரவு, கர்னி டிரைவ் கடற்கரை உணவுச் சந்தை. வரிசையாகத் தள்ளுவண்டிக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒன்றோ இரண்டோ அயிட்டம்தான்; அதை மட்டும் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். நாம் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கடைக்குப் போய் வாங்கி வந்து நடுவில் வைத்துச் சாப்பிட வேண்டியது.

வங்கிக்காரி சார் குவே தியாவ் வாங்கி வந்தாள். அகலமான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முளைகட்டிய பயறு போட்டு, பெருந்தீயில் இரும்புச் சட்டியில் புரட்டி எடுப்பது. (சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளவும்.) டீச்சர் கறுப்புச் சாறு இல்லாத பழத் தட்டும் வேகவைத்த சோளமும். நான் பசெம்பூர், வெள்ளரி, டோஃபு, இறால் வடை எல்லாவற்றையும் நறுக்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த இனிப்புக் காரக் குழம்பு ஊற்றித் தருவது.

மதுரைக்காரி மட்டும் மேஜையைவிட்டு எழவில்லை.

"உனக்கு என்னடி வேணும்?"

"எதுனாலும் சரி."

"எதுனாலும்னா?"

"நீங்க சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதைச் சாப்பிடுறேன். நான் என்ன சாப்பிட்டுறப் போறேன்?"

இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் கேட்காதவர் யார்? அவள் கைப்பையில் கணவர் கொடுத்த ரிங்கிட் நோட்டுகள் அப்படியே இருந்தன. எல்லாம் மகனுக்கு, பேத்திக்கு, நாத்தனாருக்கு என்று மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள்.

வங்கிக்காரி நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "பர்ஸை எடு. இருபது ரிங்கிட் எடு. இது வீட்டுக்கு இல்ல, உனக்கு. போய் ஒரு சுத்து சுத்தி, உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை வாங்கிட்டு வா. நாங்க யாரும் கூட வர மாட்டோம்."

"எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியாதுடி."

"அதுக்குத்தான் சுத்தச் சொல்றேன்."

போனாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. டீச்சர் எழுந்து தேடப் போனாள். வங்கிக்காரி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தூரத்தில், ஒவ்வொரு வண்டியாக நின்று, முகர்ந்து, எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டு நகர்வது தெரிந்தது. புடவைக் கடையில்கூட அவள் அவ்வளவு நேரம் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை ஏந்தி வந்தாள். அசாம் லக்சா. 'அசாம்' என்றால் புளிப்பு. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிப்புக் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், இஞ்சி இனத்துப் பூ ஒன்றை நறுக்கியது. ஓரத்தில் ஒரு கரண்டி இறால் விழுது.

"மீன் குழம்பு வாசம் அடிச்சுச்சு. எங்க அம்மா சட்டியில வைக்கிற மாதிரி. அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன்" என்றாள்.

கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். முதல் வாய். கண்ணை மூடினாள். இரண்டாவது வாய். நான் வழக்கம்போலக் கரண்டியை நீட்டினேன்.

கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கு. வேணும்னா நீ போய் வாங்கிக்கோ."

நாற்பது வருஷத்துக்கு மேலான சிநேகம். பள்ளிக்கூடத்தில் தன் டிபன் பாக்ஸை முதலில் எங்களிடம் நீட்டிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை. டீச்சர் கை தட்டிவிட்டாள். பக்கத்து மேஜைச் சீனப் பாட்டி, எதற்கென்று தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று இரவு நாளைய டிக்கெட் பற்றி அவள் கேட்கவில்லை.

மலை மேலே ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆயர் ஈத்தாம் பகுதிக்குப் போனோம். கெக் லோக் சீ பௌத்தக் கோயிலை 1890-ல் கட்டத் தொடங்கினார்கள். அதன் ஏழு நிலைக் கோபுரம் 1930-ல் முடிந்தது. அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. ஒரே கோபுரத்தில் மூன்று நாடு. இன்னும் மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் கருணைத் தேவி நிற்கிறாள். படிகளைப் பார்த்ததும் டீச்சரின் முட்டி முனகியது. நல்லவேளையாகச் சிலைவரை போகச் சாய்வு லிப்ட் இருக்கிறது.

அங்கிருந்து பக்கத்திலேயே பினாங்கு மலை. 833 மீட்டர் உயரம். மலைச் சரிவில் ஏறும் ரயிலை 1923-ல் ஓட்டத் தொடங்கினார்கள். புதிய பெட்டிகள் 2011-ல் வந்தன. சில நிமிஷங்களில் மேலே போய்விடலாம். வார இறுதியில் வரிசை நீளம். வெயில் ஏறும் முன் போவது நல்லது. உச்சியில் காற்று குளிர்ந்திருந்தது. கீழே ஜார்ஜ் டவுன், கடல், அக்கரை, இரண்டையும் இணைக்கும் பாலம். மேலே ஒரு முருகன் கோயில், அதன் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல். மலை இருந்தால் முருகன் இருப்பான் என்பது கடல் தாண்டியும் உண்மை.

அங்கே போன் அடித்தது. மதுரையில் காலை எட்டரை மணி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. நேத்து ராத்திரி கஞ்சியும் குடிச்சாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே ஊட்டினேன். கேட்டுக்கிட்டே வாயைத் திறக்கிறாங்க. நீ கவலைப்படாம இரு. ஆமா, நீ சாப்பிட்டியா?"

போனை வைத்த பிறகு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். கண் கலங்கியிருந்தது.

"நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சேன்டி. அவர் ஊட்டினாலும் சாப்பிடுறாங்க."

"நல்லதுதானேடி?"

"நல்லதுதான். ஆனா கொஞ்சம் வலிக்குதே, அது ஏன்?"

டீச்சரின் பட்டியலில் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கவனிப்பே மெல்ல மெல்ல அடையாளமாகிவிடுகிறது. நான் இல்லாமல் நடக்காது என்பது சுமையாகவும் இருக்கிறது, பிடிமானமாகவும் இருக்கிறது. சுமையை இறக்கும்போது பிடிமானமும் கூடவே ஆடுகிறது. வலிக்கத்தான் செய்யும்.

வங்கிக்காரி அவள் தோளில் கை போட்டு, "வா, ஜாதிக்காய் ஜூஸ் குடிக்கலாம்" என்றாள். பினாங்கில் ஜாதிக்காயின் சதையைச் சாறாக்கித் தருவார்கள். துவர்ப்பும் புளிப்புமாக, தொண்டைக்கு இதம். மதுரைக்காரி ஒரு தம்ளர் குடித்தாள். பிறகு தானாகவே போய் இன்னொன்று வாங்கிக்கொண்டாள்.

உங்கள் டூருக்கு

படித்துவிட்டு உங்கள் குழுவிலும் "நாமும் போகணும்டி" என்று எழுதப் போகிறீர்கள். எங்களுக்கு உதவிய நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்.

தங்கும் அறை, கார், நுழைவுச் சீட்டு, தண்ணீர் பாட்டில் இவற்றுக்குப் பொதுப் பை. ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். ஒருத்தி மட்டும் கணக்குப் பார்க்கட்டும். சாப்பாட்டுக்கும் ஷாப்பிங்குக்கும் அவரவர் பர்ஸ். சோளம் தின்றவளும் இறால் தின்றவளும் சமமாகப் பங்கு போட்டால் சிநேகத்தில் மெல்லிய கீறல் விழும்.

ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம் போதும். நடையின் வேகத்தை, மெதுவாக நடப்பவரே முடிவு செய்யட்டும்.

எது பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொன்று தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் முணுமுணுக்காமல் போக வேண்டும்.

நான்காவது, வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளும் தோழி இருந்தால், "உன்னால வர முடியுமா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "யார் பார்த்துக்குவாங்க, எப்போ பழக்குறது, நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். மதுரைக்காரியின் கணவர் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பழகினார். இல்லாவிட்டால் இந்தப் பயணம் நடந்திருக்காது.

திங்கட்கிழமை ஊர் திரும்பினோம். போன வாரம் அவளிடம் பேசினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வேளையும் அத்தைக்கு ஊட்டுவது கணவர் பொறுப்பாம். அன்று இவளுக்கு லீவு. அந்த லீவில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"கானாங்கெளுத்தி வாங்கி அந்த லக்சாவைச் செஞ்சு பார்க்கிறேன். மூணு தடவையும் சரியா வரலை."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"யாருக்கும் பிடிக்கலை. எனக்குப் பிடிச்சிருக்கு."

உங்கள் தோழிகளில் "எதுனாலும் சரி" என்று சொல்பவர் யார்? அவரை எங்கே அழைத்துப் போகப் போகிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த வாரம் பேசுவோம்.